அகலம் 704

ஆகஸ்ட் 22, வியாழன்

கயத்தாறு கல்யாண வீடியோவை முகூர்த்தம் வரை வெட்டி முடித்தேன். நாதஸ்வரக்காரர் மைக்கைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், ஒலி முழுக்க டொக் டொக்.

மதியம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். நேற்று அதிகாலை பஞ்சுக் கிட்டங்கிக்கு எவனோ தீ வைத்துவிட்டான். வாட்ச்மேன் இருளாண்டி கையும் முதுகும் வெந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கிட்டங்கிக்கு எதிரே சுடலைமணி அண்ணாச்சியின் எண்ணெய் மில்லில் கேமரா இருக்கிறது. அதன் பதிவை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமாம். நம் ஊரில் இதற்கெல்லாம் கல்யாண வீடியோ வெட்டுகிறவனைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டுடியோ முதலாளி ஸ்டீபன் அண்ணன் "டிப்ளமோ படிச்சவன் நீதான, போயிட்டு வா" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

மில்லில் பதிவுப் பெட்டிக்கு மேல் தூசி ஒரு விரல் கனம். பென்டிரைவில் இறக்கினேன். அந்தக் கோப்பு ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்து, வேண்டிய பதினோரு நொடியை மட்டும் வெட்டி, வெளிச்சத்தை ஏற்றி, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடும்படி ஏற்றுமதி செய்து கொடுத்தேன். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். நேரம் 5:12. ஒருவன் கையில் கேனோடு மில் சுவரில் சாய்த்த சைக்கிளைத் தாண்டிக் கிட்டங்கிப் பக்கம் போகிறான். முகம் கலங்கல்.

ஸ்டேஷனில் ஆளை உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். பவுன்ராஜ். கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர், போன வாரம் வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர். 'காட்சியில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை' என்று ஒரு சான்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போட்டேன். ஆறு மணிக்குள் கயத்தாறு ஹைலைட் போக வேண்டும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பவுன்ராஜைப் பிடித்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 24, சனி

பேப்பரில் என் காட்சியிலிருந்து ஒரு படம். நான் ஏற்றிய வெளிச்சம் நன்றாகவே வந்திருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. கயத்தாறு, கேமரா பதிவு, பழைய சடங்கு வீடியோ மூன்று, எல்லாவற்றையும் அழித்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பவுன்ராஜின் மனைவி செண்பகவல்லி ஸ்டுடியோவுக்கு வந்தார். எங்கள் அடுத்த தெருதான். ஆனால் பேசியதில்லை.

"தம்பி, நீங்கதான் அந்தப் படத்த எடுத்துக் குடுத்தீகளாம். எனக்கு ஒருக்கா போட்டுக் காட்டுங்க."

"அதெல்லாம் காட்டக் கூடாதுக்கா. ஸ்டேஷன்ல கேளுங்க."

"கேட்டேன். வெரட்டி விட்டுட்டாக. அன்னிக்கு விடியக்காலம் அவரு வீட்லதான் கெடந்தாரு தம்பி. நான் தண்ணி புடிக்க எந்திரிச்சப்ப அவரத் தாண்டித்தான் போனேன்."

என்னிடம் சொல்லி என்ன? நான் போலீஸா, வக்கீலா? வேலை இருக்கிறது என்றேன். படியிறங்கும்போது திரும்பி நின்றார்.

"மொதல்ல அவரு பேரச் சொன்னது யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் எனக்கு."

தெரியாது என்றேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

விளாத்திகுளம் வரவேற்பு வீடியோ. பெண்ணின் அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது.

"தம்பி, என்னயக் கொஞ்சம் ஒல்லியாக் காட்டுங்க. சம்பந்தக்காரங்க பாப்பாங்கல்ல."

இது எல்லோரும் கேட்பதுதான். படத்தின் அகலத்தை மட்டும் நூற்றுக்கு எட்டு குறைத்தால் போதும். ஆள் மெலிந்துவிடுவார், முகம் நீளும், யாருக்கும் சந்தேகம் வராது. குறைத்தேன். அந்த அம்மா கைதட்டிச் சிரித்தார். "இன்னுங் கொஞ்சம்!" இன்னும் குறைத்தேன். வட்டமாக இருந்த முகம் நீள்முகம் ஆனது. வேறு பெண்மணி.

அந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது.

அவரை அனுப்பிவிட்டு, ஸ்டேஷனுக்குக் கொடுத்த பதினோரு நொடியின் பிரதி மட்டும் மிச்சம் இருந்தது, திறந்தேன். படத்தின் அளவு: அகலம் 704, உயரம் 576. ஏறக்குறையச் சதுரம். மில் வாசல் கேமரா அகலப்பட கேமரா. பதினாறுக்கு ஒன்பது. அதில் எப்படிச் சதுரம் வரும்?

சைக்கிள் சக்கரத்தை அளந்தேன். உயரம் 58 புள்ளி. அகலம் 40. முட்டை வடிவச் சக்கரத்தில் எவனும் சைக்கிள் ஓட்ட மாட்டான்.

ஆகஸ்ட் 31, சனி

தெளிவாக எழுதிவைக்கிறேன். பதிவுப் பெட்டி இடத்தை மிச்சம் பிடிக்க அகலப்படத்தைப் பக்கவாட்டில் நசுக்கிச் சேமிக்கிறது. தன் சொந்த டிவியில் காட்டும்போது மறுபடி இழுத்துச் சரியாகக் காட்டும். கோப்பு வெளியே வந்துவிட்டால் இழுக்கச் சொல்ல ஆள் இல்லை. வெட்டுகிறவன்தான் பார்த்து இழுக்க வேண்டும். நான் இழுக்கவில்லை. 'உள்ளது போலவே' என்ற பொத்தானை அமுக்கிவிட்டுப் போனேன்.

576 உயரத்துக்குச் சரியான அகலம் 1024. இழுத்துப் பார்த்தேன். சக்கரம் உருண்டையானது. கேனோடு போகிறவன் தடித்த ஆள். கழுத்தே இல்லை, தோள் கதவளவு. பவுன்ராஜ் கொடிக்கம்பம் மாதிரி இருப்பார்.

தவறு அந்தப் பெட்டியைச் செய்தவனுடையது. கோப்பிலேயே சரியான விகிதத்தைக் குறித்து அனுப்பத் தெரியாதவன் ஏன் பெட்டி விற்கிறான்? மில் டிவியில் சரியாகத்தான் தெரிந்திருக்கும். நான் அதில் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

மூலக் கோப்பை 24ஆம் தேதி அழித்துவிட்டேன், பென்டிரைவிலும் இல்லை. மீட்கும் மென்பொருள் மூன்று போட்டும் கிடைக்கவில்லை, அதன் மேல் கல்யாணங்கள் ஏறிவிட்டன. பெட்டியில் இன்னும் இருக்கும். அது ஏறக்குறையப் பதினைந்து நாள் வைத்திருக்கும், பிறகு பழையதன் மேல் புதியதை எழுதும். அப்படியென்றால் 5ஆம் தேதி காலை வரை. திங்கட்கிழமை போய் எடுத்துவிடலாம்.

செப்டம்பர் 2, திங்கள்

ஸ்டீபன் அண்ணனிடம் சொன்னேன். கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மாத்தமே செய்யலன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்."

"இப்பப் போயி தப்பாயிருச்சுன்னு சொன்னா அவர விட்டுட்டு உன்னய உள்ள வைப்பான். பேசாம விளாத்திகுளத்த முடி. கோர்ட்டுல வக்கீல்னு ஒருத்தன் இருப்பான்ல, அவன் பாத்துக்கிடுவான்."

விளாத்திகுளத்தை முடித்தேன். மில்லுக்குப் போக நேரமில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை.

செப்டம்பர் 4, புதன்

மில் வாசல் வரை போனேன். கடலை லோடு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே கூட்டம். அத்தனை பேர் முன்னால் என்னவென்று கேட்பது? வந்துவிட்டேன். நாளைக் காலை முதல் வேலை இதுதான்.

இருளாண்டிக்குக் காய்ச்சல் ஏறியிருக்கிறதாம். அவர் போய்விட்டால் கொலைக் கேஸ் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 5, வியாழன்

எட்டு மணிக்கு மில் திறக்கும்போதே அங்கே இருந்தேன். எதிர்க் கடையில் இரண்டு டீ குடித்தேன். எட்டரைக்கு உள்ளே போய், போன தடவை எடுத்தது சரியாக இல்லை, மறுபடி வேண்டும் என்றேன். சுடலைமணி அண்ணாச்சி ஒன்றுமே கேட்கவில்லை. "எடுத்துக்கோ தம்பி, அதுக்கு என்ன?" அவ்வளவுதான். இவரிடம் கேட்கவா நாலு நாள்?

பெட்டியில் இருக்கும் மிகப் பழைய பதிவு: ஆகஸ்ட் 21, காலை 5:40.

எனக்கு வேண்டியது 5:12.

இருபத்தெட்டு நிமிடம். இரண்டு டீ குடித்த நேரம். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கும்போதே 5:41 ஆனது.

செப்டம்பர் 6, வெள்ளி

ஸ்டேஷனுக்குப் போனேன். லேப்டாப்பில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எஸ்.ஐ.யிடம் காட்டினேன். சக்கரத்தைக் காட்டினேன். 704, 1024, எல்லாம் சொன்னேன். அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏன்டே, படத்த அகலமா இழுத்தா எவனும் குண்டாத்தான் தெரிவான். நாளைக்கி உள்ளாற அமுக்கிட்டு வந்து எலும்புக்கூடுதான் தீ வச்சிச்சுன்னு சொல்லுவியா?"

ஏட்டு சிரித்தார்.

"சார், இதுதான் சரி. முந்தி குடுத்ததுதான் தப்பு."

"முந்தி மாத்தமே செய்யலன்னு எழுதிக் குடுத்த. இப்ப மாத்திட்டு வந்து இதுதான் நெசம்ங்க. ஒரிஜினல் எங்க?"

"அழிஞ்சிருச்சு சார்."

"அழிஞ்சிருச்சு." அதையே திரும்பச் சொன்னார். "அவன் பொண்டாட்டி வந்து அழுதாளாக்கும்? இங்க பாரு. நாங்களா பேரு சொன்னோம்? யாருடே இதுன்னு கேட்டதுக்கு பவுன்ராஜ் மாதிரி இருக்கு சார்னு சொன்னது நீதான? ஏட்டய்யா, இவன்தான?"

"இவன்தான்யா."

இதை 22ஆம் தேதியே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எஸ்.ஐ. கேட்டார், நான் மணியைப் பார்த்தேன், ஆறு மணிக்கு ஹைலைட் போக வேண்டும், திரையில் ஒரு நெட்டை ஆள். கிட்டங்கியில் பவுன்ராஜ் சண்டை போட்டதை அந்த வாரம்தான் கேள்விப்பட்டிருந்தேன். வாயில் வந்தது. வந்த பிறகு இல்லை, சரியாகத் தெரியவில்லை என்று சொல்லவும் நேரம் இருந்தது. ஒரு முழு நிமிடம் இருந்தது. எனக்குக் கிளம்பும் அவசரம்.

செப்டம்பர் 7, சனி

செண்பகவல்லி அக்கா ஸ்டுடியோ வழியாகக் குடத்தோடு போனார். நான் மேசைக்குக் கீழே வயர் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். எந்த வயரும் கழன்று கிடக்கவில்லை.

பிறகு எழுந்து ஓடிப்போய் அவரைத் தெருமுனையில் பிடித்து, வக்கீல் யாரென்று கேட்டேன். இலவச சட்ட உதவியில் கொடுத்திருக்கிறார்கள், ஜெயரூபி என்று பெயர். எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். ஒரு சாட்சி இருக்கிறது என்றேன். "யாரு தம்பி?" என்றார். அதற்குள் ஸ்டுடியோப் பக்கம் திரும்பி நடந்துவிட்டேன்.

மாலை வக்கீலைப் பார்த்தேன். என் அக்கா வயதுதான் இருக்கும். நான் விளக்க விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை மூடினார்.

"உங்க கணக்கு எனக்குப் புரியுது. ஆனா ஒரு தடவை பொய்யா சான்று குடுத்தவர் ரெண்டாவது தடவை சொல்றதை நீதிபதி ஏன் நம்பணும்? உங்க வாய்ச்சொல் வேண்டாம். அந்தப் பெட்டி நசுக்குதுன்னு அந்தப் பெட்டியே சொல்ற மாதிரி ஏதாவது இருக்கா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பைக்கை உதைத்தேன். உதைக்கும்போதுதான் தோன்றியது. பழைய பதிவு போனால் என்ன? அதே பெட்டி இருக்கிறது, அதே கேமரா இருக்கிறது. இன்றைக்கு எதைப் பதிவு செய்தாலும் அப்படியேதான் நசுக்கும். மறுபடி வக்கீல் ஆபீஸ் மாடி ஏறினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மில்லுக்கு விடுமுறை. வக்கீல், அவருடைய ஜூனியர், வி.ஏ.ஓ. ஒருவர், கதவு திறந்துவிட வந்த அண்ணாச்சி, நான். அதே சுவரில் அதே இடத்தில் சைக்கிளை நிறுத்தினோம். உயரமும் சுற்றளவும் தெரிந்த ஆள் ஒருவர் நடக்க வேண்டும். தடித்த ஆளாக இருந்தால் நல்லது என்றேன். எல்லோரும் சுடலைமணி அண்ணாச்சியைப் பார்த்தார்கள்.

"என்னய ஏன்யா பாக்கீக?"

இடுப்பில் டேப் வைத்து அளந்து எழுதினார் வி.ஏ.ஓ. நாற்பத்தாறு அங்குலம். அண்ணாச்சி கையில் ஒரு எண்ணெய் டின்னோடு மூன்று தடவை நடந்தார். கோப்பை அவர்கள் கண்ணெதிரே இறக்கி, எதையும் தொடாமல் ஓடவிட்டேன். திரையில் ஓர் இளைத்த மனிதர் முட்டைச் சக்கரத்தைத் தாண்டிப் போனார்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஏ தம்பி, இத எனக்கு அனுப்பி விடு. வீட்ல காட்டணும். ரெண்டு வருசமா நடக்கச் சொல்லி உசுர வாங்குதா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பதினேழு நாளில் முதல் தடவை. இந்தச் சோதனைக்கு ஆன நேரம் நாற்பது நிமிடம். அன்றைக்கு இதில் ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

செப்டம்பர் 11, புதன்

பிரமாணப் பத்திரம் தயார். வக்கீல் வாசித்துக் காட்டினார். மூலக் கோப்பின் அகல விகிதத்தைச் சரிபார்க்காமல் ஏற்றுமதி செய்தேன். வெளிச்சத்தை மாற்றினேன். சான்றைப் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

"இதுல கையெழுத்துப் போட்டா உங்க மேல தனியா வழக்கு வரலாம். தெரியும்ல?"

"தெரியும்."

"வேற ஏதாவது சேர்க்கணுமா?"

மின்விசிறி கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எண்ணெய் போட வேண்டும் என்று சொல்ல நினைத்தேன்.

"ஒண்ணு இருக்கு மேடம். பவுன்ராஜுன்னு மொதல்ல சொன்னது நான். நான் சொல்ற வரைக்கும் அவங்க யாரும் அந்தப் பேரச் சொல்லல."

அவர் தலை நிமிரவில்லை. எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் கேட்டார். "இதை அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை.

"கோர்ட்ல வாசிக்கும்போது அவங்க பின்னாடிதான் நிப்பாங்க."

ஸ்டுடியோவுக்குத் திரும்பினால் ஸ்டீபன் அண்ணன், கேஸ் முடிகிற வரை வீட்டிலிருந்து வேலை பார் என்றார். எந்த வேலை என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

மாவட்ட கோர்ட். ஜாமீன் மனு. அரசு வக்கீல் என்னைப் பற்றிச் சொன்னவை: பொறுப்பற்றவன், விலைபோனவன், இரண்டு வாய் உள்ளவன். முதலாவதை நான் மறுக்க மாட்டேன்.

நீதிபதி என்னைக் கூப்பிட்டார். "எது சரியான படம்? எப்படிச் சொல்றீங்க?"

பதினாறுக்கு ஒன்பது என்று ஆரம்பித்தேன். புள்ளிகள், விகிதம் என்று போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்குப் புரியிற மாதிரி."

"சக்கரம் உருண்டையா இருக்கறது சரியான படம் ஐயா."

இரண்டையும் பார்த்தார். அண்ணாச்சி நடப்பதையும் பார்த்தார். பிறகு என் பத்திரத்தை வாசித்தார்கள். பெயர் சொன்ன பகுதி வந்தபோது நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகையோ ஏச்சோ வரும் என்று முதுகை இறுக்கிக்கொண்டு நின்றேன். எதுவும் வரவில்லை.

பவுன்ராஜுக்கு ஜாமீன் கிடைத்தது. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. காட்சிகள் ஆய்வுக்கூடத்துக்கு. கேஸ் முடியவில்லை, அவர் பெயர் அதில் இன்னும் இருக்கிறது. என்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.

வராந்தாவில் செண்பகவல்லி அக்கா என்னைத் தாண்டிப் போனார். ஒரு சுவரைக் கடப்பதுபோல் போனார்.

செப்டம்பர் 14, சனி

இருளாண்டிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். படுத்தே இருந்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்குப் பவுன்ராஜ் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வேண்டாம்ப்பா, முதுகு சாயாது" என்று தரையில் உட்கார்ந்தார்.

"அந்தப் படத்த எனக்கு யாரும் காட்டல. ஸ்டேஷன்ல நீதான நீதானன்னு கேட்டாக, காட்டல. கோர்ட்லயும் தூரமா நிறுத்திட்டாக. போடு, பாப்போம்."

சரியான படத்தை முதலில் போட்டேன்.

"இவன் எவனோ. மாடு மாதிரி இருக்கான். மத்தது?"

"வேண்டாம்ண்ணே."

"போடு."

704ஐப் போட்டேன். பதினோரு நொடி. மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை ஓடும்போது திரைக்கு அருகில் நகர்ந்து வந்தார்.

"நான்தான்யா" என்றார்.

"இல்லண்ணே. நசுங்கி—"

"அது தெரியுது. சொல்லுதேன் கேளு. மூணாம் நாளு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இத்தன பேரு படத்தப் பாத்துட்டுச் சொல்லுதாங்களே, தூக்கத்துல எந்திரிச்சுப் போயிட்டனோன்னு. அவ பாக்க வந்தப்ப அவகிட்டயே கேட்டேன், ஏட்டி, நான் அன்னிக்கு வீட்லதான படுத்திருந்தேன்னு. அவ மூஞ்சி போன போக்கு இருக்கே."

"மன்னிச்சிருங்கண்ணே."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அழிச்சிரு."

"கோர்ட்ல ஒண்ணு இருக்கு, ஸ்டேஷன்ல ஒண்ணு இருக்கு. பேப்பர்லயும் வந்துருச்சு. அதெல்லாம் என்னால அழிக்க முடியாதுண்ணே."

"உன்கிட்ட இருக்கத அழி. நான் பாக்கணும்."

அழித்தேன். நிஜமாகவே போய்விட்டதா என்று கேட்டார். குப்பைத் தொட்டியைத் திறந்து அதையும் காலி செய்து காட்டினேன். வெறும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு எழுந்திருக்கக் கை நீட்டினார். பிடித்துத் தூக்கினேன். ஆளில் எடையே இல்லை. மணி என்ன என்று கேட்டார். ஒன்பதே முக்கால் என்றேன். கையெழுத்துக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைக்கூட முழுசாக மாட்டாமல் வேகமாகப் போனார்.